நம்பப்பட்ட கணினியும் நம்பாத மக்களும்: பல்லேடியம் திட்டத்தின் வரலாறு

2002 ஜனவரி 15ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஊழியர் அனைவருக்கும் பில் கேட்ஸிடமிருந்து ஒரு மின்னஞ்சல் சென்றது. நிறுவனத்தின் தலையாய பணி இனி ‘நம்பத்தக்க கணிமை’ என்றது அம்மடல். மென்பொருளில் புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பதா, பாதுகாப்புக் குறை ஒன்றைக் களைவதா என்ற கேள்வி எழுந்தால் பாதுகாப்பின் பக்கமே நிற்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. மின்சாரம், குடிநீர், தொலைபேசி ஆகியவற்றைப்போலக் கணினியும் எப்போதும் கிடைப்பதாகவும் பழுதற்றதாகவும் ஆக வேண்டும் என்பது அதில் கூறப்பட்ட இலக்கு. (கோடைக்கால மின்வெட்டையும் தண்ணீர் லாரியையும் அறிந்த நாட்டில் இந்த உவமைக்குக் கிடைக்கும் பொருள் வேறு, அது இருக்கட்டும்.)

மடலுக்குக் காரணம் இருந்தது. 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற மின்னஞ்சல் புழு உலகெங்கும் பரவியது. 2001 ஜூலையில் கோட் ரெட், செப்டம்பரில் நிம்டா. மூன்றும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களின் ஓட்டைகள் வழியே, அல்லது அவற்றின் தாராள மனப்பான்மை வழியே, பரவியவை. நிம்டாவுக்குப் பிறகு கார்ட்னர் ஆய்வு நிறுவனம், இரண்டு புழுக்களாலும் தாக்குண்ட நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் இணைய வழங்கிக்கு மாற்றுத் தேட வேண்டும் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், இதுவரை வந்த விண்டோஸ்களுள் மிகப் பாதுகாப்பானது என்ற முழக்கத்தோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், டிசம்பருக்குள்ளாகவே தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்ற இடம்கொடுக்கும் குறையொன்று வெளிப்பட்டது. ஆகவே கேட்ஸின் மடல் வெறும் விளம்பரம் என்று கொள்வது நியாயமாகாது. 2002 பிப்ரவரியில் விண்டோஸ் பிரிவைச் சேர்ந்த 8,000க்கும் மேற்பட்டோர் தம் வழக்கமான பணியை நிறுத்திவைத்துவிட்டுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, பழைய நிரல்வரிகளை மீளாய்வு செய்தனர்.

இம்முயற்சிக்கு வந்த எதிர்வினை பெரும்பாலும் கேலி. வெறுப்பு என்று சொல்லுமளவுக்கு அது வளரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் இறுதியில் நியூஸ்வீக் இதழில் ஸ்டீவன் லெவி எழுதிய கட்டுரை நிலைமையை மாற்றியது. மைக்ரோசாஃப்டில் சில ஆண்டுகளாகக் கமுக்கமாக நடந்துவந்த ‘பல்லேடியம்’ என்ற திட்டத்தை அக்கட்டுரை முதன்முறையாக வெளியுலகிற்குச் சொன்னது. கணினியின் வன்பொருளிலேயே பாதுகாப்பை வேரூன்றச் செய்யும் திட்டம் அது. இசைக் கோப்புகளைக் கருதித் தொடங்கினாலும் மின்னஞ்சலும் ஆவணங்களுமே இன்னும் சுவையான களங்கள் என்று பின்னர் புரிந்தது எனக் கேட்ஸ் லெவியிடம் கூறியிருந்தார். பின்னாளில் திட்டத்தை ஐயுற்றவர்கள் வேறெந்தச் சான்றையும்விட இந்த ஒரு கூற்றையே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினர். பாதுகாப்புத் திட்டமொன்று பதிப்புரிமைக் காவலிலிருந்து பிறந்ததென்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டதாக அவர்கள் அதைப் படித்தனர்.

பெயரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். பல்லேடியம் என்பது கிரேக்கத் தொன்மத்தில் டிராய் நகரில் இருந்த பல்லாஸ் அத்தீனாவின் சிலை. அச்சிலை நகருக்குள் இருக்கும்வரை நகர் வீழாது என்பது நம்பிக்கை. ஆனால் அதே கதையில் ஒடிசியஸும் டயோமீடிஸும் அச்சிலையைத் திருடிச் சென்றுவிடுகிறார்கள், பிறகு மரக்குதிரை உள்ளே வருகிறது, நகர் எரிகிறது. கணினித் துறையில் ‘டிரோஜன் குதிரை’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்த எவரும் இப்பெயரைச் சூட்டத் தயங்கியிருப்பர்.

திட்டம் என்ன செய்ய எண்ணியது? விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் அருகே ‘நெக்சஸ்’ என்னும் சிறிய தனி உட்கரு ஒன்றை இயக்குவது அடிப்படை எண்ணம். நெக்சஸின் கீழ் இயங்கும் நிரல்களின் நினைவகத்தை விண்டோஸாலும் எட்டிப் பார்க்க இயலாது. விசைப்பலகையிலிருந்து அந்நிரலுக்கும் அந்நிரலிலிருந்து திரைக்கும் இடையே ஒற்றறிய முடியாத வழி அமையும். இவ்விரண்டையும் எதிர்த்தவர் எவருமில்லை. வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் தீநிரலுக்கு எதிராக இவை உண்மையிலேயே பயன்தரக்கூடியவை.

சிக்கல் மற்ற இரண்டில் இருந்தது. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு பொருத்தப்படும். அதற்குள் இருக்கும் திறவுகோல் எந்நிலையிலும் சில்லைவிட்டு வெளியே வராது. கணினியை விலைகொடுத்து வாங்கியவரும் அதைப் பார்க்க முடியாது. அத்திறவுகோலைக் கொண்டு ஒரு கோப்பை, இன்ன மென்பொருள் இன்ன நிலையில் இயங்கும்போது மட்டுமே திறக்கும்படி முத்திரையிட்டு வைக்கலாம். மேலும், இக்கணினியில் இப்போது இயங்குவது இன்ன மென்பொருள்தான் என்று தொலைவில் உள்ள இன்னொரு கணினிக்குச் சில்லு கையொப்பமிட்டுச் சான்று கூறலாம். முன்னதை முத்திரைச் சேமிப்பு என்றும் பின்னதைத் தொலைச் சான்றளிப்பு என்றும் சொல்லலாம். அவ்வாறு சான்று பெறும் தொலைக் கணினி, தனக்குப் பிடித்த மென்பொருள் இயங்கினால் தரவைத் தரும், இல்லையேல் மறுக்கும். கணினியின் உரிமையாளர் இடையில் புகுந்து வேறு பதில் சொல்லவைக்க வழியில்லை. அதுவே அந்த வடிவமைப்பின் நோக்கமும்கூட.

அச்சில்லு பல்லேடியத்துக்கு முந்தியது. 1999இல் காம்பேக், எச்.பி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து டி.சி.பி.ஏ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கின, டி.பி.எம். என்று இன்று அழைக்கப்படும் சில்லின் வரையறை அங்கிருந்து வந்தது. ஐ.பி.எம். தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் அதை அப்போதே வைத்து விற்றுக்கொண்டிருந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் பெயர் முன்னால் வந்தபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. இது ஏன் என்பதே இவ்வரலாற்றின் முதன்மையான கேள்வி.

விடையின் ஒரு பகுதி நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. 1999 நவம்பரில் அமெரிக்க மாவட்ட நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், மைக்ரோசாஃப்ட் தனிமேனி இயங்குதளச் சந்தையில் முற்றுரிமை பெற்றது என்றும், அவ்வுரிமையைப் போட்டியாளரை நசுக்கப் பயன்படுத்தியது என்றும் முடிவு கண்டார். 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜூனில் பிரிப்பாணையை நீக்கியது. ஆனால் முற்றுரிமையைக் காக்கச் சட்டத்தை மீறியது என்ற முடிவை நிலைநிறுத்தியது. ஆகவே 2002இல் பல்லேடியத்தை முன்மொழிந்தது, தன் மென்பொருளின் வலிமையைப் பிறருக்கு எதிராகப் பயன்படுத்தியதாகத் தீர்ப்புப் பெற்ற ஒரு நிறுவனம். எந்த மென்பொருளுக்கு எந்தக் கோப்பு திறக்கும் என்பதைக் கணிதத்தின் துணையோடு தீர்மானிக்கும் கருவியை அத்தகைய கையில் கொடுப்பதா என்று கேட்டவர்களைச் சதிக்கோட்பாட்டாளர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு பகுதி சிறு சிறு நிகழ்வுகளால் ஆனது. 1999இல் இன்டெல் தன் பென்டியம் 3 செயலியில் தனித்தனி வரிசை எண் பொறித்தபோது தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்பை அறிவித்தன. அடுத்த தலைமுறையில் இன்டெல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு விண்டோஸ் என்.டி.யின் நிரலுக்குள் ‘என்.எஸ்.ஏ. கீ’ என்ற பெயர் தாங்கிய திறவுகோல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அமெரிக்க உளவு அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருந்தாலும் பெயர் மனத்தில் தங்கிவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவனத்திடம் இசைவு பெற்றால்தான் தொடர்ந்து இயங்கும் என்ற முறையைத் தனிநபர் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. லெவியின் கட்டுரை வெளிவந்த அதே நாள்களில் விண்டோஸ் மீடியா பிளேயருக்கான பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தது. அதன் உரிம ஒப்பந்தத்தில், பதிப்புரிமைக் காப்புக்கான மாற்றங்களை நிறுவனம் தானாகவே கணினியில் நிறுவலாம் என்றும் அவை பிற மென்பொருள்களின் இயக்கத்தை முடக்கக்கூடும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த பொதிக்குள் கட்டுப்பாடு இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பல்லேடியம் பற்றிய செய்தியைப் படித்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பது ஊகிக்கக்கூடியதே.

போதாததற்கு, 2001 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு காப்புரிமை பெற்றிருந்தது. அதன் தலைப்பே ‘எண்ம உரிமை மேலாண்மை இயங்குதளம்’ என்பது. அதைக் கண்டுபிடித்தவர்களாகக் குறிக்கப்பட்டவர்களுள் பால் இங்கிலாந்து பல்லேடியக் குழுவின் முக்கியப் பொறியாளர். 2002 மார்ச்சில் அமெரிக்க மேலவை உறுப்பினர் ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ், எண்மக் கருவிகள் அனைத்திலும் பதிப்புரிமைக் காப்பு நுட்பத்தைக் கட்டாயமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் டி.பி.எம். சில்லுக்கு ‘ஃபிரிட்ஸ் சில்லு’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

சிதறிக்கிடந்த ஐயங்களுக்கு ஒரு வாதத்தின் வடிவம் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன். லெவியின் கட்டுரைக்குச் சில நாள்கள் முன்பே பிரான்சின் துலூஸ் நகரில் நடந்த மாநாட்டில் டி.சி.பி.ஏ.வின் பொருளியல் விளைவுகள் பற்றிப் பேசியிருந்தார். பல்லேடியம் வெளிப்பட்டதும் கேள்வி–பதில் வடிவில் அவர் எழுதிய ஆவணம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவரது அச்சம் இசைத் திருட்டைப் பற்றியது அல்ல. ஓர் அலுவலகத்தின் ஆவணங்கள் யாவும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே திறக்கும்படி முத்திரையிடப்பட்டால், அவ்வலுவலகம் வேறு மென்பொருளுக்கு மாறுவதற்கான செலவு மலையளவு உயரும், போட்டி மடியும். மேலும், அனுப்பிய ஆவணத்தைத் தொலைவிலிருந்தே செல்லாததாக்க முடியுமென்றால், முறைகேட்டை வெளிப்படுத்தும் கடிதமும் அப்படியே மறைந்துபோகும்.

ஆண்டர்சன் ஒரு சொல்லைக் கையில் எடுத்தார். அங்கேதான் இவ்விவாதம் மொழியியலாளருக்கும் உரியதாகிறது. கேட்ஸின் மடலில் இருந்த சொல் ‘நம்பத்தக்க’. டி.சி.பி.ஏ.வின் பெயரில் இருந்த சொல் ‘நம்பப்பட்ட’. இரண்டையும் ‘நம்பகமான’ என்று தமிழாக்கிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் சண்டையின் மையமே மறைந்துவிடும். நம்பத்தக்கது என்பது பொருளின் இயல்பைப் பற்றிய கூற்று. நம்பப்பட்டது என்பது யாரோ செய்த ஒரு வினையைப் பற்றிய கூற்று. அதில் வினைமுதல் சொல்லப்படவில்லை. ஒற்றன் நம்பப்பட்டவனாக இருக்கலாம், நம்பத்தக்கவனாக இல்லாமலிருக்கலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வழக்கில், நம்பப்பட்ட உறுப்பு என்பது, அது பிழைத்தால் பாதுகாப்புக் கொள்கையே குலைந்துவிடும் என்ற நிலையில் உள்ள உறுப்பு என்று ஆண்டர்சன் நினைவூட்டினார். அதை நம்பியே ஆக வேண்டியிருக்கிறது என்பதுதான் அச்சொல்லின் பொருள். பாராட்டு அதில் துளியும் இல்லை.

அச்சொல்லின் வரலாறு இன்னும் ஒன்றைக் காட்டுகிறது. 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ எனப்பட்ட அளவுகோல் நூலின் தலைப்பிலேயே ‘நம்பப்பட்ட’ என்ற சொல் இருக்கிறது. அந்நூல் கருதிய கணினி படைத்துறைக்குச் சொந்தமானது. விதியை வகுப்பதும் படைத்துறையே. விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் ஆள்தான் நம்பப்படாதவர். அவர் தம் தகுதிக்கு மேற்பட்ட கமுக்க ஆவணத்தைப் பார்த்துவிடாமல் காப்பதே கணினியின் கடமை. அந்த ஏற்பாட்டில் முரண் எதுவும் இல்லை, ஏனெனில் கணினி அவருடையது அன்று. இதே வடிவம் வீட்டுக் கணினிக்குப் பெயர்ந்தபோது, நம்பப்படாதவரின் இருக்கையில் உரிமையாளரே அமர்ந்திருந்தார். ஆண்டர்சனும் பிறரும் கண்ட கோளாறு இந்த இடமாற்றத்தில் பிறந்தது. குறியாக்கக் கணிதத்தில் எவரும் குறை கூறவில்லை.

தமிழில் ‘நம்பிய கணினி’ என்றால் ஒருவர் நம்பிய கணினியாகவும் இருக்கலாம், ஒருவரை நம்பிய கணினியாகவும் இருக்கலாம். பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் தரும். தற்செயலாக, அத்திட்டத்தின் உண்மையான நிலையை இந்த இருபொருள் ஆங்கிலத்தைவிடத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறது: அக்கணினி தன்னை உருவாக்கியவரை நம்பியது, வாங்கியவரை நம்பவில்லை. குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்று பெயர். ஆராய்ந்து பார்த்தபின் நம்புதல் என்பதற்குப் பழந்தமிழில் தெளிதல் என்ற தனிச்சொல் இருந்தது. இன்று ‘நம்பு’ என்ற ஒன்றே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. உள்ளே பார்க்க முடியாத சில்லு ஒன்றின் மீது வைக்கக்கூடியது நம்பிக்கைதான், தெளிவு ஆகாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002 அக்டோபரில் எழுதிய கட்டுரையில் இதை ‘துரோகக் கணிமை’ என்று பெயர் மாற்றி அழைத்தார். கணினி தன் உரிமையாளருக்குக் கீழ்ப்படியாமல் வேறொருவருக்குக் கீழ்ப்படிவது துரோகம் என்பது அவர் வாதம். சொல் கூரியது, ஆண்டர்சனின் பகுப்பாய்வு போன்ற நுணுக்கம் அதில் இல்லை என்றாலும் பரவியது இந்தச் சொல்தான்.

மறுதரப்பும் பேசியது. அது பேசியவற்றுள் சில சரியானவை என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐ.பி.எம். ஆய்வகத்தின் டேவிட் சாஃபோர்ட் 2002 அக்டோபரில் எழுதிய மறுப்பில், டி.பி.எம். வெறும் செயலற்ற சில்லு, எந்த மென்பொருள் இயங்கலாம் என்று அது தீர்மானிப்பதில்லை, உரிமையாளர் அதை முடக்கிவைக்கலாம் என்றார். உரிமையாளரே கையில் சூட்டுக்கோலோடு தாக்கினால் தாங்கும்படி அச்சில்லு வடிவமைக்கப்படாததால், பதிப்புரிமைக் காவலுக்கு அது ஏற்றதுமன்று என்பது அவர் வாதம். டி.சி.பி.ஏ.வையும் பல்லேடியத்தையும் ஒன்றாகக் குழைத்ததும், இசைவு பெறாத மென்பொருள் எதுவுமே இனி இயங்காது என்ற அளவுக்குப் போனதும் எதிர்ப்பாளர் சிலரின் பிழைகள். பல்லேடியத்தில் விண்டோஸும் அதன் பழைய நிரல்களும் முன்போலவே இயங்கியிருக்கும்.

2002 நவம்பரில் பல்லேடியப் பொறியாளர்களான பீட்டர் பிடில், பால் இங்கிலாந்து, மார்கஸ் பெய்னாடோ, பிரையன் வில்மன் ஆகிய நால்வர் ‘டார்க்நெட்’ பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். ஒருமுறை காப்பு உடைந்து வெளியேறிய இசையையோ படத்தையோ மக்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதை எந்த நுட்பத்தாலும் தடுத்துவிட முடியாது என்பது அதன் முடிவு. பதிப்புரிமைக் காவலுக்காகவே உருவாகிறது என்று உலகம் ஐயுற்ற திட்டத்தின் பொறியாளர்களே அக்காவல் தோற்கும் என்று எழுதினார்கள். இந்த நேர்மையை எதிர்ப்பாளர்கள் போதிய அளவு மதிக்கவில்லை. ஆயினும் ஒரு பொறியாளரின் நோக்கம் வேறு, அவர் கட்டிய கருவிக்கு நிறுவனம் பின்னாளில் கண்டுபிடிக்கும் பயன் வேறு. 2002 ஆகஸ்டில் நடந்த யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில், பல்லேடியத்தை மென்பொருள் திருட்டைத் தடுக்கப் பயன்படுத்தும் வழி எதுவும் தாம் அறிந்ததில்லை என்ற பொருளில் பிடில் பேசியதாகச் செய்தி வந்தது. உடனே லக்கி கிரீன் என்ற புனைபெயரில் அறியப்பட்ட குறியாக்கவியலாளர், அவ்வாறு பயன்படுத்தும் முறைகளுக்குத் தாமே காப்புரிமை கோரி விண்ணப்பிப்பதாக அறிவித்தார். அவற்றை எவரும் பயன்படுத்தாமல் தடுப்பது அவர் நோக்கம். மைக்ரோசாஃப்டுக்கே தோன்றவில்லையென்றால் அதற்கு இழப்பும் இல்லையே என்ற குறும்பு அதில் இருந்தது.

இந்தியாவிலும் இக்கேள்வியின் ஒரு கிளை அதே மாதங்களில் எழுந்தது. 2002 நவம்பரில் 40 கோடி டாலர் முதலீட்டு அறிவிப்போடு இந்தியா வந்த கேட்ஸ், குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமைச் சந்தித்தார். 2003 மே மாதம் புனேயில் ஆற்றிய உரையில் கலாம் அச்சந்திப்பை நினைவுகூர்ந்தார். முகலாயத் தோட்டத்தில் நடந்தபடியே மென்பொருள் பாதுகாப்புப் பற்றிப் பேசியதையும், பயனர் தமக்கு வேண்டிய பாதுகாப்பு நிரல்களைத் தாமே சேர்த்துக்கொள்ளத் திறமூல மென்பொருள் தேவை என்று தாம் கூறியதையும், கருத்து வேறுபட்டதால் உரையாடல் கடினமானதையும் சொன்னார். கலாம் பல்லேடியத்தைக் குறிப்பிடவில்லை. ஆனால் ஏவுகணைத் திட்டங்களில் பணியாற்றிய ஒருவர், உள்ளே பார்க்க முடியாத பாதுகாப்பு பாதுகாப்பாகுமா என்ற கேள்வியை எழுப்பினார் என்பது தற்செயலானதல்ல. அரசுகளிடையே இவ்வையம் பரவியிருந்ததை மைக்ரோசாஃப்டும் அறிந்திருந்தது. 2003 ஜனவரியில், விண்டோஸின் மூலநிரலை நாடுகளின் அரசுகள் பார்வையிடுவதற்கான திட்டத்தை அது அறிவித்தது.

அதே ஜனவரியின் 25ஆம் நாள், கேட்ஸின் மடலுக்கு ஓராண்டு முடிந்து பத்து நாளில், ஸ்லாமர் புழு மைக்ரோசாஃப்டின் தரவுத்தள வழங்கிகளைத் தாக்கியது. தாக்கத்தக்க நிலையில் இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை அது பத்தே நிமிடங்களில் எட்டிவிட்டது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்த வலையமைப்பிலேயே அதை முழுமையாக நிறுவியிருக்கவில்லை. அம்மாதமே பல்லேடியத்தின் பெயரும் மாறியது. வேறொரு நிறுவனத்துக்கு அப்பெயரில் உரிமை இருப்பதைக் காரணம் காட்டி, ‘அடுத்த தலைமுறைப் பாதுகாப்பான கணிமைத் தளம்’ என்ற, யாராலும் நினைவில் வைக்க முடியாத பெயர் சூட்டப்பட்டது. 2003 ஏப்ரலில் டி.சி.பி.ஏ.வும் டி.சி.ஜி. என்று மாறியது. இப்பெயர்மாற்றங்களை ஐயுற்றவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரு தரப்பின் வாதங்களுக்கும் நடுவே வழி காட்டக்கூடிய முன்மொழிவு ஒன்று 2003 அக்டோபரில் வந்தது. மின்னணு எல்லை அறக்கட்டளையின் சேத் ஷோன், மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களிடமே திட்டத்தைக் கேட்டறிந்து எழுதிய ஆய்வறிக்கை அது. நினைவகப் பிரிப்பு நல்லது, முத்திரைச் சேமிப்பும் பெரும்பாலும் நல்லது. கோளாறு தொலைச் சான்றளிப்பில் மட்டுமே இருக்கிறது என்று அவர் பிரித்துக் காட்டினார். சான்றளிப்பு இன்று கணினியின் உரிமையாளரிடமிருந்தும் தரவைக் காக்கிறது. அதற்கு மாற்றாக, ‘உரிமையாளர் மேலாணை’ என்ற ஒன்றைச் சேர்க்கலாம்: கணினியின் முன் நேரில் அமர்ந்திருக்கும் உரிமையாளர் விரும்பினால், தன் கணினியில் இயங்குவது வேறு மென்பொருள் என்று சான்று அனுப்பச் சில்லுக்குக் கட்டளையிடலாம். புழுவோ தீநிரலோ அப்படிக் கட்டளையிட முடியாது. பிறரிடமிருந்து உரிமையாளரைக் காக்கும் பயன் யாவும் அப்படியே நிற்கும். உரிமையாளரிடமிருந்து பிறரைக் காக்கும் பயன் மட்டும் போய்விடும்.

திட்டத்தின் நோக்கம் பயனரின் பாதுகாப்பு மட்டுமே என்றால் இந்த மாற்றத்தை மறுக்கக் காரணமே இல்லை. கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. அலுவலகக் கணினிகளில் ஊழியர் பொய்ச்சான்று அனுப்பக்கூடும் என்பது போன்ற மறுப்புகளில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அலுவலகக் கணினியின் உரிமையாளர் ஊழியர் அல்லர், அலுவலகம் என்ற விடையும் அறிக்கையிலிருந்தே பெறத்தக்கது. கணினிக்காகப் பணம் கொடுத்தவருக்கு அதன் சார்பில் பேசும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு அன்று கிடைத்த எதிர்மறை விடையே, அந்நாளைய ஐயம் அடிப்படையில் நியாயமானது என்பதற்கு மிக வலுவான சான்று.

2003 மே மாதம் வன்பொருள் பொறியாளர் மாநாட்டில் திட்டம் முதன்முறையாகப் பொதுவில் செய்துகாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அதே மாநாட்டின்போது அது கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. மைக்ரோசாஃப்ட் உடனே மறுத்து, மறுபரிசீலனை செய்வதாகக் கூறியது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுச்சந்தைக்கு வந்தபோது, பல்லேடியத்தின் பெருங்கனவில் எஞ்சியிருந்தது வன்தட்டை முழுமையாகக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் மட்டுமே.

மக்களின் எதிர்ப்பே திட்டத்தை வீழ்த்தியது என்று பின்னாளில் எழுதப்பட்டதுண்டு. அது பாதி உண்மை. நெக்சஸின் பயனைப் பெற வேண்டுமானால் நிரலாளர்கள் தம் மென்பொருளின் ஒரு பகுதியைப் புதிதாக எழுத வேண்டும்; வாடிக்கையாளர்கள் அதற்கு ஆயத்தமாக இல்லை என்பதே மைக்ரோசாஃப்ட் கூறிய காரணம். பிளாஸ்டர் போன்ற புழுக்களுக்குப் பிறகு, விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தப் பொதி பொறியாளர்களை விழுங்கியது. அப்பொதி 2004 ஆகஸ்டில் வெளிவந்தது. கேட்ஸின் மடல் உண்மையில் பயன் தந்தது அங்கேதான். ஐயம் என்ன செய்தது? யாரும் அத்திட்டத்தை விரும்பிக் கேட்கவில்லை என்ற சூழலை அது உருவாக்கியது. விருப்பமற்ற சந்தையில் கடினமான பொறியியல் நெடுநாள் பிழைப்பதில்லை.

எதிர்ப்பாளர்கள் பார்க்கத் தவறியது மேசைக்கு வெளியே இருந்தது. அவர்கள் காவல் காத்த வாயில் தனிமேனிக் கணினி. 2008இல் திறந்த ஆப்பிளின் செயலிக் கடையில், நிறுவனம் கையொப்பமிடாத செயலி கைப்பேசியில் இயங்கவே இயங்காது. 2002இல் மிகைப்படுத்தல் என்று சாஃபோர்ட் மறுத்த அதே நிலை, ஆறே ஆண்டுகளில், வரிசையில் நின்று வாங்கும் பொருளாக வந்தது. ஆண்ட்ராய்டில் தொலைச் சான்றளிப்பு கூகுளின் சேவையாகவே இருக்கிறது. கைப்பேசியின் இயங்குதளத்தை உரிமையாளர் மாற்றியிருந்தால் வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் திறக்க மறுப்பதை இந்தியப் பயனர் பலர் அறிவர். அவர்களுள் ஒருசிலருக்கே இதன் பழைய பெயர் தெரியும்.

கணினிப் பக்கத்தில் ஐயம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2011இல் விண்டோஸ் 8இன் பாதுகாப்பான தொடக்க முறை லினக்ஸைத் தடுத்துவிடும் என்று மேத்யூ கேரட் எச்சரித்தபோது எழுந்த எதிர்ப்பின் நடுவே, வழக்கமான கணினிகளில் அதை உரிமையாளர் முடக்கிவைக்க வழி இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் விதியாயிற்று, ஏ.ஆர்.எம். செயலிக் கருவிகளில் அதே விதி தலைகீழாக, முடக்கவே கூடாது என்று எழுதப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 சில்லைக் கட்டாயமாக்கியது. அப்போது எழுந்த குறை பெரும்பாலும் பழைய கணினிகள் வீணாவதைப் பற்றியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோதும் பேச்சு அதைச் சுற்றியே இருந்தது. டி.பி.எம். வரையறையில் ஷோன் கேட்ட உரிமையாளர் மேலாணை இன்றும் இல்லை. 2023இல் கூகுள் பொறியாளர்கள், உலாவி தன் நேர்மையைப் பற்றி இணையதளங்களுக்குச் சான்றளிக்கும் முறையொன்றை முன்மொழிந்தனர். போட்டி உலாவிகளும் நிரலாளர்களும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அதே வாதங்களோடு எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் கூகுள் முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. ஆண்ட்ராய்டு செயலிகளுக்குள் தோன்றும் வலைப்பக்கங்களுக்கு மட்டும் அதையொத்த வசதியொன்றைச் சோதிக்கப்போவதாக அப்போதே அறிவித்தது.